பாரிசவாதம்: எத்தனை பேருக்கு வருகிறது, ஏன் வருகிறது?



நேற்று வரை மலைக்குப் போய் வந்தவர். விடியற்காலையில் எழும்பப் பார்க்கிறார், ஒரு பக்கத்துக் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் கோணிவிட்டது. பேச்சு குழறுகிறது. "வாதம் அடிச்சிருச்சு", "கை கால் விழுந்துருச்சு", "இழுத்துக்கிச்சு" என்று லயத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒருவர் எண்ணெய் காய்ச்சுவார். இன்னொருவர் மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஆள் அனுப்புவார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்று முடிவு எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

இந்த வருத்தத்துக்கு வைத்தியர்கள் சொல்லும் பெயர் பாரிசவாதம். பாரிசம் என்றால் பக்கம். பக்கவாதம் என்று சொல்வதும் இதைத்தான். கையும் காலும் விழுந்தது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பழுதானது கையும் காலும் அல்ல, தலைக்குள் இருக்கிற மூளை. இதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பின்னால் சொல்லப் போவதெல்லாம் இலகுவாக விளங்கும்.

எத்தனை பேருக்கு?

"நம்ம தோட்டத்தில ஒண்ணு ரெண்டு பேருக்குத்தானே" என்று நினைக்கிறோம். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 1 கோடி 19 இலட்சம் பேருக்குப் புதிதாகப் பாரிசவாதம் வந்தது. அதே ஆண்டில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் இறந்தார்கள். 25 வயதைத் தாண்டிய நாலு பேரை எடுத்தால், அவர்களில் ஒருவருக்குத் தன் வாழ்நாளில் எப்போதாவது இது வரும் என்று உலகப் பாரிசவாத அமைப்பு சொல்கிறது. இதனால் சாகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் நம்முடையது போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பணக்கார நாட்டு வருத்தம் என்ற பேச்சு பழைய பேச்சு.

இலங்கையில் எப்படி? கொழும்பு மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் 18 வயதுக்கு மேற்பட்ட 2313 பேரிடம் விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2015 இல் வெளியானது. ஆயிரம் பெரியவர்களுக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் பாரிசவாதம் வந்தவர்கள் இருந்தார்கள். பெண் ஒருவருக்கு ஆண் இருவர் என்ற அளவில் ஆண்களே கூட.

இந்தப் 'பத்து' என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வருத்தத்தை இரண்டு விதமாக எண்ணலாம். இந்த வருடம் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது ஒரு கணக்கு. எப்போதோ வந்து, இன்றைக்கும் நம்மோடு எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது வேறு கணக்கு. வீடு வீடாகப் போய் எண்ணினால் கிடைப்பது இரண்டாவது கணக்கு. இறந்து போனவர் வந்து கதவைத் திறந்து பதில் சொல்ல மாட்டார் அல்லவா? ஆகவே அந்தப் பத்துப் பேர், அடித்தும் பிழைத்தவர்கள். முதல் நாளிலோ முதல் மாதத்திலோ போய்ச் சேர்ந்தவர்கள் அதற்குள் இல்லை. உங்கள் டிவிசனில் கை கால் விழுந்து இருப்பவர்களை விரல் விட்டு எண்ணும்போது, கடந்த பத்து வருடத்தில் "திடீர்னு போயிட்டாரு" என்று பெட்டியில் வைத்துத் தூக்கியவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் சிலருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

கொழும்புக் கணக்கை அப்படியே தூக்கி வந்து தோட்டத்துக்கு ஒட்டவும் கூடாது. அங்கே வேலை வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு, ஆஸ்பத்திரிக்கு இருக்கிற தூரமும் வேறு. ஆனால் வருத்தத்தைக் கொண்டு வருகிற காரணங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. 32 நாடுகளில் நடத்தி 2016 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, பத்தே பத்துக் காரணங்களில் பாரிசவாதத்தில் 90 வீதம் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. அந்தப் பத்தில் முதல் இடம் பிரஷருக்கு.

மறுபடியும் கொழும்புக்கு வருவோம். பாரிசவாதம் வந்தவர்களாக அங்கே கண்டது 24 பேரை. அவர்களில் 15 பேருக்குப் பிரஷர் இருந்தது. 11 பேர் புகை பிடிப்பவர்கள். 10 பேர் அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள். 8 பேருக்குச் சீனி வருத்தம். கூட்டிப் பாருங்கள், 24 ஐத் தாண்டும். கணக்குப் பிழை இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பிரஷரும் இருக்கிறது, பீடியும் இருக்கிறது, சம்பள நாளில் போத்தலும் இருக்கிறது என்றால் ஆபத்து ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும்.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மேலே ஊற்றில் இருந்து குழாய் போட்டு லயத்துப் பீலிக்குத் தண்ணீர் கொண்டு வருகிறோம். தண்ணீர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். குழாயில் சருகும் சேறும் அடைத்திருக்கும். அல்லது எங்கேயாவது குழாய் வெடித்திருக்கும். மூளைக்கு இரத்தம் போகும் குழாய்களிலும் இந்த இரண்டும்தான் நடக்கின்றன. உலக அளவில் மூன்றில் இரண்டு பங்கு அடைப்பினால் வருகிறது. மிச்சம், குழாய் வெடித்து மூளைக்குள்ளோ அதைச் சுற்றியோ இரத்தம் கசிவதால் வருகிறது.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எத்தனை அனுபவமுள்ள வைத்தியரானாலும் தலையை சீ.ரீ. ஸ்கான் எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. இது ஏன் முக்கியம் என்றால், அடைப்புக்குக் கொடுக்கிற மருந்து இரத்தத்தை இளக்கும். இரத்தக் கசிவு உள்ளவருக்கு அதையே கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் யாராவது "அஸ்பிரின் ஒண்ணு குடுத்துப் பாப்போம்" என்றால் வேண்டாம் என்று தடுப்பதற்குக் காரணம் இதுதான்.

பிரஷர்: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

டிஸ்பென்சரியில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது:

"ஐயா, எனக்குத் தலைவலிகூட இல்ல. நல்லாத்தான் மலைக்குப் போயிட்டு வாறேன். எப்படி ஐயா எனக்குப் பிரஷர் இருக்கும்?"

"அது வலிக்காதம்மா. வலிச்சா நீங்களே முந்தி ஓடி வந்திருப்பீங்க."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உயர் குருதி அமுக்கம் வருடக் கணக்கில் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். அந்தக் காலம் முழுக்க இரத்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைக்கும், சின்னக் குழாய்களைப் பலவீனமாக்கும். ஒரு நாள் ஒன்று அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். நம் கண்ணுக்குத் திடீர் என்று தெரிவது பத்து இருபது வருடமாக உள்ளே நடந்த வேலை.

இலங்கையில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருக்கிறது. உங்கள் லயத்தில் பெரியவர்கள் பதினைந்து பேர் என்றால் நாலைந்து பேருக்கு இருக்கலாம். மெலிந்த உடம்புக்காரருக்கு வராது, மலையேறி வேலை செய்பவருக்கு வராது என்று எந்த விதியும் இல்லை. அளந்து பார்ப்பது ஒன்றுதான் வழி. கையில் பட்டி கட்டி அளக்க இரண்டு நிமிடம் போதும். மேல் எண் 140 ஐ, அல்லது கீழ் எண் 90 ஐ எட்டினால், இன்னொரு நாளும் அளந்து பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அது பிரஷர்.

35 வயதைத் தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது அளக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் நடந்து வருகிற ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு வருத்தமும் இல்லாதவர்கள் போவதற்காகவே வைத்த இடம் அது. "நல்லா இருக்கிறவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மருந்து எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். மேல் எண்ணை 10 அளவு குறைத்து வைத்திருந்தால் பாரிசவாத ஆபத்து நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. பெரிய பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு இது. ஒரு சின்ன மாத்திரை செய்கிற வேலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் மாத்திரை வேலை செய்வது தினம் போட்டால்தான். "தலை சுத்துற நாளைக்கு மட்டும் போடுவேன்" என்பவர்கள் நிறைய. "கிளினிக் கொப்பியில பிரஷர் சரியா வந்திருச்சு, அதனால விட்டுட்டேன்" என்பவர்கள் அதைவிட நிறைய. சரியாக வந்தது மருந்தினால்தான். விட்டால் மறுபடியும் ஏறும். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் இடையில் நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே போகாதவர்களும் உண்டு. ஒரு மருந்து கிடைக்காவிட்டால் அதற்குப் பதிலாக வேறு மருந்து இருக்கும். வைத்தியரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பிரஷர் மாத்திரையை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகாததைத் தொழிலாளியின் அலட்சியம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் போகும். விடியவே போய் வரிசையில் நின்று, மருந்து எடுத்து, பஸ் பிடித்துத் திரும்ப வந்து சேர மூன்று மணி ஆகும். அரைப்பேர்கூடத் தேறாது. மாதா மாதம் இப்படி என்றால் யாருக்கும் கஷ்டம்தான். தோட்டத்திலேயே, கொழுந்து நிறுக்கிற இடத்தில், மாதத்தில் ஒரு நாள் பிரஷர் அளக்க ஏற்பாடு செய்தால் எத்தனையோ பேரை முந்தியே கண்டுபிடிக்கலாம். கிளினிக் கொப்பி உள்ளவர்களுக்கு அன்றைக்கு வேலை நேரத்தில் கொஞ்சம் விட்டுக் கொடுக்கவும் செய்யலாம். தலைவர்மாரும் தோட்ட நிர்வாகமும் உட்கார்ந்து பேசினால் ஆகாத காரியம் இல்லை.

உப்பு, வெற்றிலை, புகை, போத்தல்

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. சோற்றில், கறியில், ரொட்டியில், சம்பலில் போடுகிற எல்லாம் சேர்ந்து அந்த ஒரு தேக்கரண்டிக்குள் வர வேண்டும். கையளவு ரொட்டியும் கட்டச் சம்பலும், மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் என்றால் அது எப்போதோ தாண்டிவிடும். பாணிலும் உப்பு இருக்கிறது, பிஸ்கட்டிலும் இருக்கிறது, பிள்ளைகள் கேட்கிற பக்கெட் நூடில்ஸில் ஏராளமாக இருக்கிறது. கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. மலையில் மீன் வேறு எங்கே கிடைக்கும்? சுடுதண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு குறையும். குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வெற்றிலை. இதைச் சொன்னால் அம்மாமாருக்குக் கோபம் வரும். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை என்பார்கள். வெற்றிலையோடு வாயில் அடக்குகிற புகையிலைதான் இங்கே பெரிய குற்றவாளி. புகைத்தால்தான் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். மென்றாலும் அதில் உள்ள நிக்கோட்டின் இரத்தத்தில் சேர்ந்து பிரஷரை ஏற்றும், இதயத்தை வேகமாக ஓட வைக்கும். புகையிலை மெல்பவர்களுக்குப் பாரிசவாதத்தால் சாகிற ஆபத்துக் கூட என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வாய்ப் புற்றுநோய் பற்றி ஏற்கனவே உங்களுக்குத் தெரியும். ஒரேயடியாக விட ஏலாவிட்டால் முதலில் புகையிலையை விடுங்கள். அதற்குப் பிறகு பாக்கையும் குறையுங்கள், பாக்கும் வாய்ப் புற்றைக் கொண்டு வரக்கூடியது. பீடி, சிகரெட்டை விட்டவருக்குச் சில வருடங்களிலேயே ஆபத்துப் பெரிதும் குறைந்துவிடும். "நாப்பது வருஷமாப் பிடிக்கிறேன், இனி விட்டு என்னா ஆகப் போகுது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

பீடியே தொடாத பெண்களுக்கும் புகை உண்டு. லயத்துக் குசினியில் விறகு அடுப்புப் புகை. கூரை கருத்திருக்கிற மாதிரி உள்ளேயும் போகும். வீட்டுக்குள் சேர்கிற விறகுப் புகையும் பாரிசவாதத்துக்கு ஒரு காரணம் என்பதை இப்போது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். புகைபோக்கி வைத்த அடுப்பு, காய்ந்த விறகு, சமைக்கும் நேரம் திறந்து வைத்த யன்னல், கைக்குழந்தையை அடுப்படியில் படுக்க வைக்காமல் இருப்பது. முடிந்த அளவுக்கு இவற்றைச் செய்யலாம்.

போத்தலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சாராயமோ கசிப்போ, ஒரே மூச்சில் அதிகம் குடித்தால் பிரஷர் ஏறும். குறிப்பாக இரத்தக் குழாய் வெடிக்கிற வகைக்கு அது நேரான பாதை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இரத்தக் குழாய் சீக்கிரம் கெடும். நாளுக்கு ஐந்தாறு தேத்தண்ணி குடிக்கிற வீட்டில், ஒவ்வொரு கோப்பையிலும் அரைக் கரண்டி சீனி குறைந்தால் மாத முடிவில் கடைக் கணக்கும் குறையும்.

வயசு போனவர்களுக்கு மட்டுமா?

55 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும். உண்மைதான். ஆனால் நம் பக்கத்து நாடுகளில் மேற்கு நாடுகளைவிடச் சில வருடம் முந்தியே வந்துவிடுகிறது. அதைவிட, இளம் ஆட்களுக்கு வருகிற ஒரு வகையைத் தோட்டத்தில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னப் பிள்ளைக்குத் தொண்டை நோ வருகிறது. மாறிவிடுகிறது. இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு காய்ச்சல், முழங்கால் வீங்குகிறது, அது மாறி மணிக்கட்டு வீங்குகிறது. இது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கிற வீடுகளில் தொண்டைக் கிருமி இலகுவாகப் பரவும், அதனால் இந்தக் காய்ச்சலும் அப்படியான இடங்களில் கூட. மூட்டு வீக்கம் வந்த மாதிரியே போய்விடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு இதயத்தின் கதவுகளை அது பழுதாக்கிவிட்டுப் போகும். பதினைந்து இருபது வருடம் கழித்து அந்த இதயம் தாளம் தப்பித் துடிக்கத் தொடங்கும். உள்ளே இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஓடினால் முப்பது வயதுப் பெண்ணுக்கும் கை கால் விழும். ஆகவே பிள்ளைக்கு மூட்டு மாறி மாறி வீங்கினால் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பெனிசிலின் ஊசி மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை போடச் சொல்லியிருந்தால், "பிள்ளைதான் நல்லா ஓடி விளையாடுதே" என்று நிறுத்தாதீர்கள். வருடக் கணக்கில் போடுகிற ஊசி அது.

பிள்ளைத்தாய்ச்சிகளையும் மறக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறினால் தாய்க்குப் பாரிசவாதம் வரலாம், பிள்ளை பிறந்த பிறகு ஆறு கிழமை வரைக்கும் அந்த ஆபத்து இருக்கும். மருத்துவமாது ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பது சும்மா ஒரு வழக்கத்துக்காக அல்ல. கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

வந்துவிட்டால்

பார்க்க வேண்டியது மூன்று. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் முன்னால் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? ஒரு சின்ன வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா, பொருந்தாமல் பேசுகிறாரா? மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், உடனே ஆஸ்பத்திரி. திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, நடக்கும்போது தள்ளாடி விழுவது, இதுவரை வராத மாதிரி இடி போல் தலைவலி வருவது இவையும் அடையாளங்கள்தான்.

வாய் மட்டும் கோணி, கண் மூட ஏலாமல், கை கால் நன்றாக இருந்தால் அது முகத்து நரம்பில் வருகிற வேறு வருத்தமாக இருக்கலாம். அதையும் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். நாங்கள் முடிவு பண்ண வேண்டாம்.

அவசரம் ஏன்? இரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளையில் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கிற ஊசி மருந்து இருக்கிறது. வழக்கமாக அது நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இல்லை, முதலில் ஸ்கானும் எடுக்க வேண்டும், நம் பாதையும் வளைந்து வளைந்து போகிற பாதை. ஆகவே நமக்குக் கையில் இருப்பது உண்மையில் ஒரு மணித்தியாலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் எண்ணப்படுவது நாம் கண்டுபிடித்ததில் இருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்ததில் இருந்து. "ராத்திரி ஒம்பதுக்குச் சாப்பிட்டுப் படுத்தாரு, நல்லாத்தான் இருந்தாரு" என்ற செய்தி வைத்தியருக்கு மிகப் பெரிய உதவி. கூடப் போகிறவர் அந்த நேரத்தையும், கிளினிக் கொப்பியையும், போடுகிற மாத்திரைகளையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016 இல் தொடங்கிய இலவசச் சேவை அது. தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும், பெரிய றோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒரு தம்பியை அந்தச் சந்திக்கு அனுப்பி நிறுத்துங்கள், இரவு என்றால் டோர்ச் லைட்டோடு. வண்டி வர நேரமாகும் என்று தெரிந்தால் ஆட்டோவோ தோட்ட வாகனமோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் புறப்படுங்கள்.

அதுவரைக்கும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. தண்ணீர், சோடா, தேத்தண்ணி, மாத்திரை ஒன்றும் வாயில் கொடுக்காதீர்கள். பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்குகிற சக்தியும் போயிருக்கலாம், கொடுத்தது சுவாசப்பைக்குள் போய் நியூமோனியாவில் முடியும். பிரஷர் கூடியிருக்கும் என்று நினைத்து இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுப்பதும் ஆபத்து. விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகும் என்று போனில் ஒரு செய்தி வருடக் கணக்காகச் சுற்றுகிறது. அதில் உண்மை ஒரு துளியும் இல்லை. முனி அடித்தது, காற்றுப் பட்டது என்று நம்புகிறவர்களோடு அந்த நேரத்தில் வாக்குவாதம் பண்ண வேண்டாம். பூசையைப் பிறகும் செய்யலாம், வண்டியை முதலில் அனுப்புவோம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சில பேருக்குக் கை மரத்து, பேச்சுக் குழறி, கால் மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவரும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். இதுதான் மிகவும் ஏமாற்றுகிற அடையாளம். அடுத்த சில நாட்களில் பெரிதாக வருவதற்கான எச்சரிக்கை அது. கொழும்பில் கண்ட அந்த 24 பேரில் 7 பேருக்கு இப்படிச் சின்னதாக ஒன்று வந்து போயிருந்தது. மாறிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் மூன்று மாதம் பொன்னான காலம். மூளை இழந்ததை ஈடு செய்யப் பழகுவது அப்போதுதான் வேகமாக நடக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை வீட்டில் ஒரு நாளைக்குப் பல தடவை செய்ய வேண்டும், கூடமாட ஒருவர் உட்கார்ந்து செய்விக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு கழன்றுவிடும். எழும்ப ஏலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தால் முதுகில் புண் வராது.

பேச்சுப் போனவருக்குப் புத்தி போய்விட்டது என்று நினைத்து, அவர் முன்னாலேயே "இனி இவரால ஒண்ணும் ஆகாது" என்று பேசுகிறோம். பலருக்கு நாம் சொல்வது எல்லாம் விளங்கும், திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. சாப்பிடாமல், யாரோடும் சேராமல், சும்மா அழுதுகொண்டு இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். மனச்சோர்வும் இந்த வருத்தத்தில் ஒரு பகுதி, அதற்கும் மருந்து உண்டு. மற்ற மாத்திரைகளை ஆயுளுக்கும் விடக்கூடாது. பாரிசவாதம் என்று வருகிறவர்களில் நாலில் ஒருவர் ஏற்கனவே ஒரு தடவை வந்தவர்.

கடைசியாகக் காசு விஷயம். ஒருவர் படுத்தால் அவரைப் பார்க்க மனைவியோ மகளோ வேலையை விட வேண்டி வரும், ஒரு சம்பளம் போய் இரண்டு சம்பளம் போகும். இனி நிரந்தரமாக வேலை செய்ய ஏலாது என்று வைத்தியர் சான்று கொடுத்தால், வயது வருவதற்கு முன்பே ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த வீடுகளில் உள்ள ஊனமுற்றோருக்கு அரசாங்க உதவிப்பணம் ஒன்றும் இருக்கிறது, அதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் கேட்கிற முதல் பத்திரம் ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டும்போது கொடுக்கிற டயக்னோசிஸ் கார்ட். அதை அடுப்படித் தட்டில் சொருகி வைத்து எழுத்து அழிந்து போன வீடுகளைப் பார்த்திருக்கிறோம். ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு பெட்டிக்குள் வையுங்கள். ஒரு பிரதியும் எடுத்து வைத்தால் நல்லது.